தினகருக்கு ஐந்து இடங்கள் வேண்டும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் தங்கை வீட்டு வாசலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு போய் டாக்ஸியில் ஏற்றினோம். இந்த மழையில் எங்கே பயணம் என்று டிரைவர் கேட்டார். தாய்லாந்தில் ஒரு தீவு, கடலுக்குள் மூழ்கி மீன் பார்க்கப் போகிறோம் என்று என் தங்கை கணவர் தினகர் பெருமையாகச் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார்.

"இங்க ஊரே மெதந்துகினு கீது. தண்ணி பாக்க பாரீன் போறீங்களா சார்?"

அதற்குப் பிறகு பல நாட்களுக்கு அவ்வளவு அறிவுள்ள பேச்சு என் காதில் விழவில்லை.

தினகரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிறுசேரியில் நல்ல வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு இப்போது ஒரு பயண சேனல் நடத்துகிறார். "வணக்கம் தாம்பரம்" என்று இரண்டு கைகளையும் விரித்து ஆரம்பிப்பார். அதே சிறுசேரியில் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவள் என் தங்கை ஷீபா. அவள் சம்பளத்தில் அவர் உலகம் சுற்றுகிறார். வாயில் குழாயை வைத்து மூச்சுவிட்டபடி மிதந்து மீன் பார்ப்பதற்கு ஸ்நார்க்கலிங் என்று பெயராம். மழைக்காலத்திலும் ஸ்நார்க்கலிங் செய்யப் பாதுகாப்பான ஐந்து இடங்கள் என்று ஒரு வீடியோ போட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அவருக்கு நீச்சல் தெரியாது. கோவளம் கடற்கரைக்குப் போனால்கூடப் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஈர மணலோடு நின்றுவிடுகிறவர், உலகத்துக்குக் கடலில் எங்கே இறங்கலாம் என்று சொல்லித் தரப்போகிறார்.

நீச்சல் தெரிந்தவள் ஷீபா. முட்டி வலிக்காக டாக்டர் சொல்லி, மேடவாக்கத்தில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். அதனால் தண்ணீருக்குள் அவள், கரையில் கேமராவோடு அவர். கேமரா நனையாமல் குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அது நான். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வடகிழக்குப் பருவக்காற்று எங்கெல்லாம் மழை கொடுக்கும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். தாய்லாந்து வளைகுடாவிலும் அதே மழைதான் என்று தினகரிடம் சொன்னேன். "அதான் அக்கா கன்டென்ட்டு" என்றார். பிறகு ஷீபா தனியாகக் கூப்பிட்டு, நீயும் வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்றாள். முடிச்சூரில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தீவின் பெயர் கோ தாவ். ஆமைத் தீவு என்று பொருளாம். அங்கே போகும் படகில் ஏறியதும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். எதற்கு என்று முதலில் புரியவில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் புரிந்தது. எங்களுக்கு முன்வரிசையில் பச்சை குத்திய தோள்களோடு உட்கார்ந்திருந்த வாட்டசாட்டமான வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு பைகளை நிரப்பினார். தினகர் கேமராவைப் பார்த்து "அட்வென்ச்சர் ஸ்டார்ட்" என்று சொல்ல வாயைத் திறந்தார், வாக்கியத்தை முடிக்கவில்லை. ஷீபா அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

இறங்கும்போது தீவிலும் மழை. முடிச்சூரில் பெய்த அதே கனத்த, நிற்காத மழை. விடுதி வடக்குப் பக்கம், கடலைப் பார்த்து இருந்தது. விளம்பரப் படத்தில் இருந்த நீலக்கடல், டிகிரி காபி நிறத்தில் எங்களை வரவேற்றது. சாப்பாட்டுக்கு ஒரு சூப் வந்தது. நம் புளிரசத்தில் யாரோ தவறுதலாக இறாலைக் கொட்டிவிட்டு, அதைச் சமாளிக்க எலுமிச்சை இலையைப் போட்டதுபோல் இருந்தது. அதற்கு வெளிநாட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உருகினார்கள். பரோட்டாவுக்குள் வாழைப்பழத்தை வைத்து மடித்து, மேலே கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றித் தெருவில் விற்கிறார்கள். தாம்பரத்தில் அப்படி ஒருவன் செய்தால் பரோட்டாக் கடையில் வேலைக்கு வைக்க மாட்டார்கள். மாம்பழத்தோடு கொடுத்த இனிப்புச் சோறு மட்டும் நன்றாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் இடம். விடுதி வாசலே. மலையிலிருந்து வரும் ஓடை ஒன்று அந்தக் கடற்கரையில்தான் கடலில் கலக்கிறது. மழையில் ஓடை, மண்ணும் இலையும் யாருடைய தோட்டத்துப் பிளாஸ்டிக் வாளியும் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்தது. ஷீபா மாஸ்க் போட்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குப்புற மிதந்தாள். எழுந்து வந்து, தன் கையே தனக்குத் தெரியவில்லை என்றாள். தினகர் கேமராவைத் திருப்பி, "ஃபர்ஸ்ட் ஸ்பாட், பிகினர்ஸுக்கு பக்காவான எடம்" என்றார். நிறத்தை எடிட்டிங்கில் மாற்றிவிடலாமாம். முடிச்சூரில் எங்கள் தெருவில் நிற்கும் தண்ணீரையும் அப்படி நீலமாக்கிவிட்டால் வீட்டு விலை ஏறும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். கிண்டல் என்று தெரியாமல் சிரிக்கிறவர்களோடு பயணம் போவது பெரிய தண்டனை.

அடுத்த நாள் கிழக்குப் பக்கம். அங்கே டாக்ஸி என்றால், பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட திறந்த வேன். சுவர்போல் நிற்கும் கான்கிரீட் சாலையில் பாதி ஏறியதும் சேற்றில் சக்கரம் சுழன்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பருவமழைக்காலத்தில் வேளச்சேரி சாலையில் இலவசமாகக் கிடைக்கும் அனுபவம் இது. போய்ச் சேர்ந்தால் காற்று நேராக முகத்தில் அடித்தது. கரையில் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது. வயதான இங்கிலாந்துத் தம்பதி ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கணவர் தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்க, மனைவி, "தாராளமாகப் போ, உன் பாஸ்போர்ட்டை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போ" என்றாள். எனக்கு அந்த அம்மாளை மிகவும் பிடித்துப்போயிற்று.

அங்கே தினகர் ஷீபாவை முட்டளவுத் தண்ணீரில் நிற்கச் சொன்னார். ஓர் அலை அவளைக் கீழே தள்ளி, காலில் மாட்டியிருந்த துடுப்பு ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனது. இது இரண்டாவது பாதுகாப்பான இடம். மூன்றாவது இடத்தில் யாரும் இறங்கவே இல்லை. மலைமேல் ஓர் ஓட்டலிலிருந்து கீழே பாறைகளுக்கு நடுவே தெரிந்த தண்ணீரைப் படம் எடுத்துவிட்டு, பாதுகாப்பு என்று அங்கிருந்தே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஷீபா வாயைத் திறந்தாள். நாளைக்கு நான் சொல்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் வெகுகாலமாகக் கேட்டதில்லை. விடுதிக்கு எதிரே நாங்கள் வந்த அன்று நின்ற நீளப் படகுகள் எல்லாம் எங்கே போயின என்று வரவேற்பறைப் பெண்ணிடம் விசாரித்திருக்கிறாள். காற்று ஏறியதும் தெற்கே ஒரு வளைவுக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள் என்று அந்தப் பெண் சொன்னாளாம். படகு வைத்திருக்கிறவன் அதை எங்கே பத்திரமாக வைக்கிறானோ அங்கே நானும் பத்திரமாக இருப்பேன் என்பது ஷீபாவின் கணக்கு. புவியியல் படித்த நான் அதை யோசிக்கவில்லை.

அந்த வளைவைப் பார்த்ததும் வேறு தீவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பின்னால் மலை காற்றைத் தடுத்தது. மழை தூறியது, ஆனால் தண்ணீர் அசையவில்லை. ஓடை எதுவும் அங்கே வந்து விழவில்லை. படகுகள் ஒரு பக்கம், மிதவைக் கயிறு கட்டிக் குளிக்கிறவர்களுக்கு ஒரு பக்கம். குழந்தைகளோடு இரண்டு மூன்று குடும்பங்கள் தண்ணீரில் இருந்தன. ஷீபா உடனே இறங்கவில்லை. ஒரு தென்னை மட்டைத் துண்டை எறிந்துவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அது எங்கேயும் போகவில்லை, சுற்றிச் சுற்றி அங்கேயே கிடந்தது. பிறகுதான் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டாள்.

நான் சுடிதாரோடு, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் வயதுக்கு இது தேவையா என்று முனகிக்கொண்டே போனேன். ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பிறகு கீழே பார்த்தேன். மஞ்சளும் கறுப்புமாய் மீன்கள், என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. ஷீபா என் விரலை அழுத்திக் காட்டினாள். ஓர் ஆமை புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. நிதானமாக மென்றது. மேலே வந்து ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு திரும்பவும் இறங்கியது. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே வந்து மணலில் உட்கார்ந்தேன். குளிராக இருக்கிறதா என்று ஷீபா கேட்டாள், இல்லை என்றேன்.

தினகருக்கு மட்டும் முகம் வாடியிருந்தது. தண்ணீர் தட்டையாக இருக்கிறதாம். கூட்டம் இருக்கிறதாம். முகப்புப் படத்துக்கு ஒன்றும் தேறவில்லையாம்.

ஐந்தாவது நாள் காலையில் வெயில் அடித்தது. தினகர் துள்ளிக் குதித்துக் கிளம்பினார். ஐந்தாவது இடத்தை அவரே ஏதோ ஒரு வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தார். காட்டுப் பாதையில் இறங்கிப் போனால் சின்னக் கடற்கரை, ஒரு மனிதர் இல்லை. இரண்டு பக்கமும் பாறைகளில் அலை வெள்ளையாக உடைந்தது. நடுவில் மட்டும் அலையே இல்லாமல், தார் போட்ட ரோடு மாதிரி வழவழவென்று ஒரு பட்டை கடலுக்குள் நீண்டு போனது. அந்தப் பட்டைதான் இடம் என்றார் தினகர். ஷீபா மட்டையைத் தேடினாள். வெளிச்சம் போய்விடும், மேகம் வருகிறது என்று அவர் அவசரப்படுத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அது அமைதியாகத்தான் தெரிந்தது. தலையாட்டினேன்.

ஷீபா குப்புற மிதந்து போனாள். நான் குடையை மடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் வெகுதூரம் போய்விட்டாள். அவள் அவ்வளவு வேகமாக நீந்தி நான் பார்த்ததில்லை. பிறகு தலையைத் தூக்கினாள், கரை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு கையை உயர்த்தி ஆட்டினாள். தினகர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சூப்பர் ஷீபா, அப்படியே இன்னொரு தடவ."

அவள் எங்களை நோக்கி நீந்தினாள். கை மாறி மாறி விழுந்தது, ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தாள். அப்புறம் அந்த இடத்திலும் இல்லை, இன்னும் பின்னால் போனாள். அலை இல்லாத அந்தப் பட்டை, கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்குப் போகிற வழி. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தினகரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் முகம் வெளுத்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இடுப்பளவுத் தண்ணீருக்கு ஓடினார். அங்கே நின்றுவிட்டார். கைகளை நீட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுதது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன்.

திடீரென்று ஷீபா கை போடுவதை நிறுத்தினாள். மல்லாந்து விழுந்தாள். அசையவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, வலப்பக்கப் பாறைகள்மேல் ஓடினேன். தண்ணீர் அவளை வெளியே கொண்டுபோனது, பிறகு மெல்ல ஒதுக்கியது. அப்போதுதான் அவள் புரண்டு, கரையைப் பார்க்காமல், பக்கவாட்டில் கை போட்டாள். பாறைகளைத் தாண்டி அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் அலையே அவளைத் தூக்கி என் பக்கம் எறிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். இருவரும் பாறையில் விழுந்து கிடந்தோம். அவள் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நீந்தலக்கா. நீந்தினா செத்துடுவேன்னு தெரிஞ்சுபோச்சு. சும்மா கெடந்தேன்."

நான் அவள் தலையைத் துப்பட்டாவால் துடைத்தேன். கேமரா மட்டும் முக்காலியில் ஆடாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தினகர் மருந்து வாங்கி வந்தார், காயத்துக்குக் கட்டுப் போட்டார், கஞ்சி ஊட்டினார். இந்த மனிதனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நானும் கொஞ்சம் இளகினேன். காலையில் சாப்பிட உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன், ஐந்து இடங்களும் சேனலில் ஏறியிருக்கின்றன. ஐந்தாவது இடம்தான் முகப்புப் படம். ஷீபா கையை உயர்த்தி ஆட்டுகிறாள். அவள் உதவி கேட்ட அந்த நொடியில் படத்தை நிறுத்தி, "அலையே இல்லை! குழந்தைகளோடு வரலாம்!" என்று எழுதியிருந்தார்.

எடுங்கள் அதை என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, கீழே எச்சரிக்கை வாசகம் போட்டிருக்கிறேன், காலையிலிருந்து வியூஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, ஊருக்குப் போனதும் பார்க்கலாம் என்றார். நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பக்கத்து மேஜையிலிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். ஷீபா வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். அவளுடைய அந்த மௌனத்தின்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அன்று மத்தியானம் நாங்கள் கிளம்பவேண்டிய படகுக்குப் படகுத்துறையில் காத்திருந்தோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எதிரே வந்து நின்ற படகிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். அதில் ஓர் இளம் ஜோடி, பெண்ணின் கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் மருதாணி. பையன் தினகரைப் பார்த்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பள்ளிக்கரணையாம். கல்யாணமாகி அதே வாரம் கிளம்பி வந்திருக்கிறார்கள். மழை என்றதும் தயங்கினோம் சார், படகுக்குக் காத்திருக்கும்போது உங்கள் வீடியோவைப் பார்த்த பிறகுதான் நிம்மதி வந்தது என்றான். நாளைக்கே அந்த ஐந்தாவது இடத்துக்குப் போகிறார்களாம். இவளுக்கு நீச்சல் தெரியாது, ஆனால் அலையே இல்லை என்று சொன்னீர்களே என்று அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்துக்கொண்டான். தினகர் சிரித்தார். செல்ஃபிக்கு முகத்தைக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷீபா முன்னால் வந்தாள்.

"அங்க போகாதம்மா. அந்த வீடியோல கைய ஆட்டறது நான்தான். நான் ஹாய் சொல்லல. காப்பாத்தச் சொல்லிக் கூப்புட்டேன்."

காயத்தின்மேல் போட்டிருந்த கட்டை அவிழ்த்துக் கையை நீட்டினாள். அந்தப் பெண் காயத்தைப் பார்த்தாள், பிறகு தினகரைப் பார்த்தாள். பையனின் கையில் போன் அப்படியே நின்றது. அவன் மெதுவாக, அக்கா சொல்வது நிஜமா சார் என்று கேட்டான்.

தினகர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எச்சரிக்கை வாசகம் என்பார், கடல் அன்றைக்கு அப்படி இருந்தது என்பார், இவள் பயந்த சுபாவம் என்பார். மழை அவர் மூக்குக்கண்ணாடியில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"நான் தண்ணிலயே எறங்கல தம்பி. அவள கேளுங்க."

சொல்லிவிட்டு எங்கள் மூன்று பெட்டிகளையும், என் கைப்பையையும் சேர்த்து அவரே தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடந்தார். வழியில் ஒரு தடவை நின்று, பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து எதையோ தேடி அழுத்தினார். எதை என்று நான் அவரிடம் கேட்கவில்லை. ஐந்து இடங்களும் சேனலில் இல்லை என்று விமான நிலையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் ஷீபாவின் பக்கத்தில் ஒட்டி வந்து நின்றாள். அப்போ நாங்கள் எங்கேதான் போவது அக்கா என்று கேட்டாள். ஷீபா அவள் போனை வாங்கி, தெற்கே இருந்த வளைவை வரைபடத்தில் தேடினாள். விரல் ஈரமாக இருந்ததால் திரை நகரவில்லை. என் துப்பட்டாவில் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பத் தேடினாள். படகுக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார்கள். அவள் அவசரப்படவில்லை. படகு எல்லாம் எங்கே கட்டியிருக்கிறது என்று முதலில் பார், ஒரு மட்டையை எறிந்து பார், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் சரி அக்கா, சரி அக்கா என்றாள்.